3,400 அடியா, 1,800 அடியா? டி.டபிள்யூ.ஏ. 514 விபத்தும் ஒரு அப்ரோச் சார்ட்டும்

1974 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் நாள். இண்டியானாபொலிஸில் கிளம்பி, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் இறங்கி ஏறி, வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்துக்குப் போக வேண்டிய விமானம், டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டி.டபிள்யூ.ஏ. 514. போயிங் 727 ரகம். காலை 10:24-க்குக் கொலம்பஸை விட்டுப் புறப்பட்டபோது அதில் பயணிகள் 85 பேரும் ஊழியர்கள் 7 பேரும் இருந்தார்கள். 11:09-க்கு அது வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையின் மேற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,670 அடி உயரத்தில் மோதியது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இன்ஜின் கோளாறு இல்லை, எரிபொருள் தட்டுப்பாடு இல்லை. விமானம் நல்ல நிலையில், விமானிகளின் முழுக் கட்டுப்பாட்டில், போக வேண்டிய திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. கருவிகளை நம்பித் தரையிறங்கக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் இந்த விபத்தை முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம், பிரச்சினை முழுவதும் காக்பிட்டில் அவர்கள் கையில் இருந்த ஒரே ஒரு தாளில், அதாவது ரன்வேயை நெருங்கி இறங்கும் வழியைக் (அப்ரோச்) காட்டும் அப்ரோச் சார்ட்டில், அடங்கியிருக்கிறது. அந்தத் தாளில் இருந்த சரியான எண்ணைக் கேப்டன் பார்த்தார், வாய்விட்டும் படித்தார். அதற்கப்புறமும் விமானம் மலையில் மோதியது.

வாஷிங்டன் நேஷனலில் அன்று கிழக்கிலிருந்து பலத்த காற்று. அங்கே பெரிய விமானங்கள் இறங்கும் முக்கிய ரன்வே வடக்கு-தெற்காக ஓடுவது, ஆகவே காற்று நேர் குறுக்கே அடித்தது. வீச்சு சில நேரம் 49 நாட் (மணிக்கு 49 கடல் மைல்) வரை போனது. கொலம்பஸை விட்டுச் சற்று நேரத்திலேயே, நேஷனலில் யாரும் இறங்க முடியவில்லை என்று 514-க்குச் சொன்னார்கள். தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் நிறுவனத்தின் டிஸ்பாட்சருடன் பேசிவிட்டுக் கேப்டன் டல்லஸ் விமான நிலையத்துக்குப் போக முடிவு செய்தார். இது வாஷிங்டனுக்கு மேற்கே உள்ள டல்லஸ். டெக்சாஸ் நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காற்றின் திசையைப் பார்த்து, டல்லஸில் கிடைத்தது ரன்வே 12. அதற்கு உரிய முறை வி.ஓ.ஆர்./டி.எம்.இ. அப்ரோச். தரையில் உள்ள வி.ஓ.ஆர். நிலையம் திசையைச் சொல்லும், டி.எம்.இ. அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று சொல்லும். எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று இந்த இரண்டும் சொல்லாது. ஐ.எல்.எஸ். என்ற இன்னொரு முறையில் கிளைடு ஸ்லோப் என்ற ரேடியோ கற்றை விமானத்தைச் சரிவாக ரன்வே வரை அழைத்துவரும். இங்கே அது கிடையாது. இந்தத் தூரம் வரை இவ்வளவு அடிக்குக் கீழே போகாதே, அடுத்த தூரம் வரை இவ்வளவு என்று படிப்படியாக இறங்க வேண்டும். அந்தப் படிகள் இருக்கும் ஒரே இடம் சார்ட்.

சார்ட்டில் என்ன இருந்தது

ஓர் அப்ரோச் சார்ட்டில் இரண்டு படங்கள் இருக்கும். மேலிருந்து பார்ப்பது போல வரைந்தது ப்ளான் வியூ. எந்தத் திசையிலிருந்து வருகிறோம், எந்த இடத்தில் திரும்புகிறோம், சுற்றிலும் எங்கே மேடு, எங்கே கோபுரம் என்பதெல்லாம் அதில். அதற்குக் கீழே ப்ரொஃபைல் வியூ, அதாவது பக்கவாட்டில் நின்று பார்த்த படம். இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ ஒரு கோடு படிப்படியாக ரன்வேயை நோக்கி இறங்கும். அடியில் குறைந்தபட்ச அளவுகளின் அட்டவணை: எந்த உயரம் வரை இறங்கலாம், ரன்வே கண்ணில் படவில்லையானால் எங்கே மேலே ஏறிப் போக வேண்டும் என்பது.

அப்ரோச் முழுவதும் துண்டு துண்டாகப் பிரிந்தது. இனிஷியல் (தொடக்கம்), இன்டர்மீடியட் (இடைப்பகுதி), ஃபைனல் (இறுதி), கடைசியில் இறங்க முடியாவிட்டால் மேலேறிப் போகும் மிஸ்டு அப்ரோச். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு, அதற்கென்று ஒரு குறைந்தபட்ச உயரமும் உண்டு. அந்த உயரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்தால் இந்த விபத்து பாதி புரிந்துவிடும். அமெரிக்க முறைப்படி, இனிஷியல் துண்டில் அந்தப் பகுதியின் மிக உயரமான தடைக்கு மேலே சாதாரணமாக 1,000 அடி இடைவெளி விட வேண்டும். இன்டர்மீடியட்டில் 500 அடி. இது போன்ற வி.ஓ.ஆர். அப்ரோச்சின் ஃபைனல் துண்டில் 250 அடி. ரன்வேயை நெருங்க நெருங்க இடைவெளி குறைகிறது. விமானம் எங்கே இருக்கிறது என்பது அங்கே துல்லியமாகத் தெரியும் என்பதால் அப்படி.

டல்லஸ் ரன்வே 12 சார்ட்டில் ரவுண்ட் ஹில் என்று ஒரு புள்ளி. இன்டர்மீடியட் துண்டு அங்கே தொடங்கும். அதற்கு மேற்கேயிருந்து வருகிற விமானம் ரவுண்ட் ஹில்லைத் தாண்டும் வரை 3,400 அடிக்குக் கீழே போகக்கூடாது. தாண்டியபின் 1,800 அடிக்கு இறங்கலாம். 3,400 என்ற எண் ப்ளான் வியூவில் இருந்தது. ப்ரொஃபைல் வியூவில் கண்ணில் பட்டது 1,800.

இப்போது மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,800 என்பது இன்டர்மீடியட் துண்டின் உயரம். அப்படியென்றால் அந்தத் துண்டுக்குள் 1,300 அடியைத் தாண்டிய தடை எதுவும் இல்லை என்றுதான் பொருள். மவுண்ட் வெதரின் உச்சியோ சுமார் 1,750 அடி. அந்த மலை ரவுண்ட் ஹில்லுக்கு மேற்கே, 3,400 ஆட்சி செய்யும் பகுதியில் இருக்கிறது. சார்ட்டை வரைந்தவர்கள் மலையை மறக்கவில்லை. 3,400 என்ற எண் அங்கே இருந்ததே அதனால்தான்.

கோட்டின் மேலே, சார்ட்டுக்கு வெளியே

514-ஐ வாஷிங்டன் சென்டர் என்ற விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் கன்ட்ரோலர், டல்லஸில் உள்ள ஆர்மெல் வி.ஓ.ஆரின் 300 டிகிரி ரேடியலை, அதாவது நிலையத்திலிருந்து அந்தத் திசையில் வெளியே செல்லும் கோட்டை, பிடித்து வரச் சொன்னார். அந்த ரேடியல் டல்லஸ் ரன்வே 12-க்கான வி.ஓ.ஆர். அப்ரோச்சுக்கு என்றும் சொன்னார். 300 டிகிரி ரேடியலில் நிலையத்தை நோக்கி வருகிற விமானம் 120 டிகிரி திசையில் பறக்கும். ரன்வே 12-ன் திசையும் அதுதான். ஆக, வெகு தொலைவிலேயே விமானம் ஃபைனல் அப்ரோச்சின் நேர்கோட்டில் வந்து அமர்ந்துவிட்டது. காக்பிட்டில் ஊசி நடுவில் நிற்கிறது, முன்னே டல்லஸ்.

ஆனால் அந்தக் கோட்டின் அந்தப் பகுதி சார்ட்டில் அச்சிடப்படவில்லை. சார்ட்டில் ரவுண்ட் ஹில்லுக்கு வருகிற வழி தென்மேற்கே ஃப்ரன்ட் ராயல் பக்கத்திலிருந்து வந்தது. வடமேற்கிலிருந்து 300 ரேடியலில் நேராக வருவதற்கென்று எந்தத் துண்டும் இல்லை, ஆகவே அதற்கென்று ஒரு குறைந்தபட்ச உயரமும் இல்லை. திசைப்படி பார்த்தால் அப்ரோச் தொடங்கிவிட்டது போலத் தோன்றும். உயரத்தைப் பொறுத்தவரை அவர்கள் இன்னும் எந்தத் துண்டுக்குள்ளும் நுழையவில்லை. இந்த வித்தியாசம்தான் இந்த விபத்தின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

சுமார் 11:01-க்கு 514-ஐ 7,000 அடிக்கு இறங்கி டல்லஸ் அப்ரோச் கன்ட்ரோலுடன் பேசச் சொன்னார்கள். 11:04-க்கு விமானம் 7,000 அடியில் நிலைகொண்டதாகத் தெரிவித்தது. சில வினாடிகளில் பதில் வந்தது: ரன்வே 12-க்கு வி.ஓ.ஆர்./டி.எம்.இ. அப்ரோச்சுக்கு அனுமதி. உயரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போது விமான நிலையத்துக்கு இன்னும் 44 கடல் மைல் இருந்தது.

அந்த ஐந்து நிமிடம்

காக்பிட் ஒலிப்பதிவு கிடைத்துவிட்டதால் அதற்குப் பிறகு நடந்தது ஏறக்குறைய வார்த்தை வார்த்தையாகத் தெரியும். அனுமதி கிடைத்த கையோடு லேண்டிங் கியர் எச்சரிக்கை ஒலி கேட்கிறது. இன்ஜின் விசையைக் குறைத்தார்கள் என்பதற்கு அது அடையாளம். 1,800-தான் அடிமட்டம் என்கிறார் கேப்டன். இறங்கலாம் என்கிறார் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கோ-பைலட். இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறதே என்று ஃப்ளைட் இன்ஜினியர் சொல்கிறார், ஹீட்டரைக் குறைக்க வேண்டும் என்கிற பேச்சோடு பேச்சாக.

பிறகு கேப்டன் முறைப்படி அப்ரோச்சைப் பேசிப் பார்க்கிறார். விமான நிலையத்தின் உயரம், இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம், ஃபைனல் அப்ரோச் தொடங்கும் இடம் என்று வரிசையாக. அவர் அலட்சியமாக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. விமானம் குலுங்குகிறது, ஊசிகள் ஆடுகின்றன. இப்படி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தலைவலி வந்துவிடும் என்கிறார் கோ-பைலட்.

11:07 தாண்டி, கேப்டன் தாளைப் பார்த்துச் சொல்கிறார்: இந்த உருப்படாத தாளில் ரவுண்ட் ஹில் வரை 3,400 அடிதான் நம் குறைந்தபட்ச உயரம் என்று போட்டிருக்கிறது. எங்கே பார்த்தீர்கள் என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்கிறார். இதோ, ரவுண்ட் ஹில் பதினொன்றரை டி.எம்.இ. என்கிறார் கேப்டன், அதாவது நிலையத்திலிருந்து பதினொன்றரை மைல். கோ-பைலட் ஏதோ மறுத்துச் சொல்லத் தொடங்குகிறார், முடிக்கவில்லை. கேப்டனே தொடர்கிறார்: அவர் அனுமதி கொடுத்துவிட்டால் நீ உன்னுடைய... யாரோ ஒருவர் எடுத்துக்கொடுக்கிறார், இனிஷியல் அப்ரோச் என்று. ஆமாம் என்கிறது இன்னொரு குரல். இனிஷியல் அப்ரோச் உயரத்துக்கு இறங்கலாம் என்று முடிக்கிறார் கேப்டன். அடுத்தது ஃப்ளைட் இன்ஜினியர்: 2,800-ல் இருக்கிறோம், 1,800-க்குப் போகிறோம்.

இந்தப் பேச்சை எத்தனை தடவை படித்தாலும் மனம் ஆறுவதில்லை. கேள்வி எழுந்தது, அதற்கான விடை சார்ட்டிலேயே இருந்தது, விடையைக் கண்டவரே அதை வாய்விட்டுச் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து சில வினாடிகளில் அந்த விடையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கன்ட்ரோலர் அனுமதி கொடுத்திருக்கிறார், நம்மை ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆபத்தான இடத்தில் இறங்க விடுவாரா என்ற நம்பிக்கை அச்சிட்ட எண்ணை வென்றுவிட்டது. இன்னொன்றும் உண்டு. இனிஷியல் அப்ரோச் உயரம் என்று அவர்கள் சொன்னதையே எடுத்துக்கொண்டாலும், ரவுண்ட் ஹில் வரை வரும் இனிஷியல் துண்டுக்கு அந்தச் சார்ட்டில் இருந்த எண் 3,400.

அவர்கள் ரேடியோவில் ஒரு வரி கேட்டிருக்கலாம். 514, எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? அவ்வளவுதான். கேட்காததற்குக் காரணம் கர்வம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சந்தேகம் இல்லாதவர் கேள்வி கேட்பதில்லை.

மலை நெருங்குகிறது. 11:08-க்கு மேல், இருட்டாக இருக்கிறது, குலுக்கலாகவும் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். சற்று முன்னால் தரை தெரிந்தது என்கிறார் கேப்டன், எனக்கும் தெரிந்தது என்கிறார் கோ-பைலட். வேகமாக இறங்குகிறோம் என்று கேப்டன் எச்சரிக்கிறார். காற்று கிழக்கிலிருந்து அடித்தது, அவர்கள் மலையின் மேற்குப் பக்கம், அதாவது காற்று மலையைத் தாண்டிக் கீழே சரியும் பக்கம். அங்கே கீழ்நோக்கி இழுக்கும் காற்றோட்டம் இருப்பது இயல்பு. 1,800 அடி என்று நினைத்து 1,800-க்கும் கீழே போனதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம். கீழே இழுத்துக்கொண்டு போகப் பார்த்ததே என்று கோ-பைலட் வியந்ததும் பதிவில் இருக்கிறது. 11:09:14-க்கு, தரையிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடியோ அல்டிமீட்டர் ஒலித்து நின்றது. 11:09:20-க்கு, விசையைக் கூட்டு என்றார் கேப்டன். மறுபடி ஒலி. 11:09:22-க்குப் பதிவு முடிகிறது.

அரை நிமிடம் கழித்து, 11:09:54-க்கு, அப்ரோச் கன்ட்ரோலர் 514-ஐ அழைத்து உயரத்தைக் கேட்டார். ரேடார் திரையில் அந்த விமானத்துக்கு நேரே 2,000 அடி என்று காட்டியதைப் பார்த்துத்தான் கேட்டதாகப் பிறகு சொன்னார்.

கன்ட்ரோலர் பக்கம்

அவர் மேல் மட்டும் பழி போட்டால் நியாயமாகாது. அவருடைய கையேட்டின்படி, ரேடார் மூலம் திசை சொல்லி ஃபைனல் அப்ரோச்சுக்குக் கொண்டுவரும் விமானத்துக்குத்தான் உயரக் கட்டுப்பாடு சொல்ல வேண்டும். 514-ஐ அவர் அப்படிக் கொண்டுவரவில்லை. அது தன் சொந்த வழிகாட்டலில் ஒரு ரேடியலைப் பிடித்து வந்துகொண்டிருந்தது. ஆகவே அனுமதி கொடுத்தபின், எப்போது எந்த உயரத்துக்கு இறங்குவது என்பது சார்ட்டைப் பார்த்து விமானி முடிவு செய்ய வேண்டியது என்று அவர் எடுத்துக்கொண்டார். விமானிகளோ, ரேடார் உள்ள பகுதியில் கன்ட்ரோலர் எதுவும் சொல்லாமல் அனுமதி கொடுத்தால் இறங்கத் தடை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிய இடத்தில் மலை இருந்தது.

இந்த முரண் புதிதல்ல. இப்படி ஒரு குழப்பம் இருப்பது பல ஆண்டுகளாகவே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரியும் என்று விசாரணையில் வெளிவந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. தன் அறிக்கையில் அதை நேரடியாகவே குறையாகச் சொன்னது. 1,800 அடி பொருந்தும் துண்டை அடையும் முன்பே அந்த உயரத்துக்கு இறங்க விமானிகள் எடுத்த முடிவு விபத்தின் காரணம். அந்த முடிவுக்கு இட்டுச்சென்றது தெளிவில்லாத கட்டுப்பாட்டு நடைமுறைகள். ஆனாலும் ப்ளான் வியூவைப் பார்த்திருந்தால் 1,800 பாதுகாப்பான உயரமல்ல என்று கேப்டனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி அடுக்கிய வாரியம், துணைக் காரணங்களில் மூன்றைச் சேர்த்தது: எஃப்.ஏ.ஏ.வின் தாமதம், அச்சிடப்படாத வழியில் 44 மைல் தொலைவில் உயரம் சொல்லாமல் கொடுத்த அனுமதி, ப்ரொஃபைல் வியூவில் உயரக் கட்டுப்பாடுகள் போதிய அளவு காட்டப்படாதது. ஐந்து உறுப்பினர்களில் இரண்டு பேர் இதை ஏற்கவில்லை. கன்ட்ரோலர் உயரக் கட்டுப்பாடு சொல்லாமல் விட்டதற்கு இன்னும் அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நான் பெரும்பான்மையின் பக்கம் நிற்பேன், ஒரு திருத்தத்தோடு. ப்ளான் வியூவைப் பார்த்திருந்தால் என்று அறிக்கை சொல்கிறது. கேப்டன் பார்த்தார். அவருக்கு இல்லாமல் போனது அந்த எண்ணுக்கும் கன்ட்ரோலரின் அனுமதிக்கும் இடையே எது மேலானது என்ற தெளிவு. அதைக் கொடுத்திருக்க வேண்டியது விதிகள்.

ப்ரொஃபைல் வியூ பற்றிச் சொன்னதால் இன்னொரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். 1964 நவம்பர் 15-ல் லாஸ் வேகஸ் அருகே பொனான்சா ஏர்லைன்ஸின் எஃப்-27 ரக விமானம் ஒன்று மலையில் மோதி 29 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் பேசப்பட்டது அளவுகோல். சார்ட்டின் இரண்டு படங்களும் ஒரே அளவில் அச்சாகியிருக்கும், ஆனால் ப்ளான் வியூ 15 மைலைக் காட்டும், ப்ரொஃபைல் வியூ 3 மைலைத்தான் காட்டும். ஒரே அகலத்தில் இருப்பதைப் பார்த்தால் ஒரே தூரம் என்று கண் நம்பிவிடும். 1981-ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், சார்ட்டும் மற்ற எந்தப் பொருளையும் போல ஒரு தயாரிப்புதான், அதில் வடிவமைப்புக் குறை இருந்தால் தயாரித்தவருக்குப் பொறுப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், வரைந்த விதம் தவறான இடத்துக்குக் கண்ணை இழுத்தால் அந்தத் தாள் குறையுள்ளது. டல்லஸ் சார்ட்டுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். 3,400 ஒரு படத்திலும் 1,800 இன்னொரு படத்திலும் தூக்கலாக நின்றால், இறங்கும் விமானியின் கண் இறங்குவதைக் காட்டும் படத்துக்குத்தான் போகும்.

ஆறு வாரம் முன்னால்

விசாரணையில் வெளிவந்ததிலேயே மிகவும் வலிக்கிற செய்தி இது. விபத்துக்குச் சுமார் ஆறு வாரம் முன்னால், யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இதே அப்ரோச்சில், இதே போல முன்கூட்டியே இறங்கி, அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த பாதுகாப்புத் தகவல் திட்டத்தில் அதைத் தெரிவித்தார்கள். யுனைடெட் தன் விமானிகள் எல்லோரையும் எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்த எச்சரிக்கை போய்ச்சேர வழி இல்லை. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அது தெரியாது.

இதிலிருந்து பிறந்ததுதான் ஏ.எஸ்.ஆர்.எஸ்., விமானப் பாதுகாப்புத் தகவல் அமைப்பு. 1975-ல் எஃப்.ஏ.ஏ. தானே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விதி மீறினால் தண்டிக்கிற அமைப்பிடமே போய் என் தவறு இது என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்? அதனால் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். தண்டிக்கும் அதிகாரம் நாசாவுக்கு இல்லை. தகவல் கொடுத்தவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். 1976-ல் அந்த வடிவத்தில் தொடங்கியது இன்றுவரை நடக்கிறது. விமானி, கன்ட்ரோலர், மெக்கானிக், கேபின் ஊழியர் என்று லட்சக்கணக்கானவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் நிறைய, யாரும் சாகாமல் முடிந்த 514-கள்.

விதி என்ன ஆனது

அமெரிக்க விதியில் இப்போது இது தெளிவாக இருக்கிறது. ரேடார் மூலம் திசை சொல்லப்படும்போதோ, அச்சிடப்படாத வழியில் வரும்போதோ அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்தால், சார்ட்டில் அச்சிடப்பட்ட ஏதாவது ஒரு துண்டில் நிலைகொள்ளும் வரை கடைசியாகச் சொல்லப்பட்ட உயரத்தை விட்டு இறங்கக்கூடாது. 514-க்கு அது 7,000 அடி. கன்ட்ரோலர் பக்கமும் மாறியது. இப்படிப்பட்ட அனுமதியோடு உயரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: லோக்கலைசரில் (ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ். கற்றை) நிலைகொள்ளும் வரை 3,000 அடியில் இரு, ஐ.எல்.எஸ். அப்ரோச்சுக்கு அனுமதி என்கிற மாதிரி. இன்று எந்த விமான நிலையத்தின் ரேடியோவைக் கேட்டாலும் காதில் விழுகிற அந்த வாக்கியம் சாதாரணமானதாகத் தோன்றும். அதற்குப் பின்னால் மவுண்ட் வெதர் இருக்கிறது. விமானிகளும் கன்ட்ரோலர்களும் ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் கொள்ள வேண்டும் என்று இரு தரப்புக்கும் பொதுவான சொல்விளக்கத் தொகுப்பும் வந்தது.

விபத்து நடந்த அதே மாதத்தில் எஃப்.ஏ.ஏ. இன்னொரு உத்தரவும் போட்டது. பெரிய ஜெட் விமானங்களில் ஒரு வருடத்துக்குள் தரை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவி, அதாவது ஜி.பி.டபிள்யூ.எஸ்., இருக்க வேண்டும். கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் உருவாக்கி வளர்த்தெடுத்தது அது. ரேடியோ அல்டிமீட்டர் கீழே பார்த்துச் சொல்லும் தகவலைத்தான் அந்த முதல் தலைமுறைக் கருவி நம்பியது. முன்னால் செங்குத்தாக எழும் மலை அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். 1995 டிசம்பர் 20-ல் கொலம்பியாவின் காலி நகரருகே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 965 விமானம் மலையில் மோதியபோது கருவி எச்சரித்தது, மேலேற நேரம் போதவில்லை. அதன் பிறகு உலகின் நிலப்பரப்பையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு முன்னால் பார்க்கும் கருவிகள் பரவின.

மவுண்ட் வெதருக்கு இன்னொரு கதையும் உண்டு. அணு ஆயுதப் போர் வந்தால் அரசை நடத்துவதற்கென்று அமெரிக்க அரசு அந்த மலைக்குள் ஒரு நிலத்தடி மையம் வைத்திருந்தது. விபத்தைச் செய்தியாக்க வந்த பத்திரிகையாளர்கள் வழியாக அந்த இடமும் வெளியே பேசப்பட்டது. பலர் 514-ஐ இந்தக் காரணத்துக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

இன்றைய சார்ட்டுகளில் நிலப்பரப்பு பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே ஒரு வட்டத்தில் எம்.எஸ்.ஏ. இருக்கும்: குறிப்பிட்ட மையத்திலிருந்து பொதுவாக 25 கடல் மைலுக்குள் எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் இருந்தால் தடைகளுக்கு மேல் 1,000 அடி கிடைக்கும் என்பது. படிப்படியாக இறங்கும் இடங்கள் ப்ரொஃபைலிலேயே வரும். இந்திய விமான நிலையங்களின் சார்ட்டுகளை இந்திய விமான நிலைய ஆணையமே இணையத்தில் வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சென்னையையோ திருச்சியையோ எடுத்து வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு உயரத்தை விரலால் தொட்டு மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இந்த எண் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது? எந்தப் புள்ளியில் முடிகிறது? அந்தத் தொடக்கப் புள்ளிக்கு நான் எந்த வழியாக வந்து சேர்கிறேன், அந்த வழிக்குத் தனியாக உயரம் அச்சிட்டிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குச் சார்ட்டில் பதில் கிடைக்கவில்லை என்றால், அனுமதி வந்தாலும் இருக்கிற உயரத்திலேயே இருந்துகொண்டு ரேடியோவில் கேட்க வேண்டும். காக்பிட்டில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. அவர்கள் கையில் இருப்பதும் அதே தாள்தான்.